குதிரை எவ்வளவு நேரம் ஒரு காலைத் தூக்கி நிற்க வேண்டும்? குளம்புப் பராமரிப்புக் கருவிகள் பற்றி ஒரு மதிப்பீடு

லாடம் அடிக்காமல் குதிரை வளர்க்க முடிவு செய்பவர்கள் முதலில் வாங்குவது அரம். எங்களைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது கால் தாங்கும் ஸ்டாண்ட்.

குதிரை தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. ஒரு முன்னங்காலை நாம் தூக்கிப் பிடித்தால் அந்தச் சுமையில் பெரும்பகுதி மறு முன்னங்காலுக்குப் போய்விடும். தொழில் தெரிந்த லாடக்காரர் ஒரு குளம்பைச் சில நிமிடங்களில் முடித்துக் காலைக் கீழே விட்டுவிடுவார். வீட்டில் சொந்தமாகச் செய்பவருக்கு அதே வேலை கால் மணி நேரம் இழுக்கும். ஐந்தாவது நிமிடத்தில் குதிரை காலை இழுக்கும், நாம் விடாமல் பிடிப்போம், அது இன்னும் பலமாக உதறும். முரட்டுக் குதிரை என்று பெயரெடுத்த பல குதிரைகளுக்குத் தோளிலோ முழங்காலிலோ இடுப்பிலோ வலி இருந்திருக்கும். அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் இங்கே எல்லாக் கருவிகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறோம். கால் மண்ணை விட்டு மேலே இருக்கும் நேரத்தை இது குறைக்கிறதா, கூட்டுகிறதா? விலை, அழகு, பிராண்டின் பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஸ்டாண்டுகளில் பலரும் வாங்குவது அமெரிக்காவில் தயாராகும் ஹூஃப்ஜாக். அகலமான பிளாஸ்டிக் அடிப்பகுதி, அதன் நடுவில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கம்பம், கம்பத்தின் தலையில் மாற்றி மாற்றிச் செருக இரண்டு துண்டுகள். ஒன்று காலை ஏந்தும் தொட்டில். மற்றொன்று ரப்பர் தலை வைத்த தூண். கத்தியும் அரமும் ஒட்டிக்கொள்ள அடிப்பகுதியில் காந்தம் உண்டு. கருவிக்காகக் குனிந்து தேடும் ஒவ்வொரு முறையும் கால் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் அந்தக் காந்தத்தை நாங்கள் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. மட்டக் குதிரைக்கும் பெரிய குதிரைக்கும் தனித்தனி அளவுகள் வருகின்றன. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரிக்கு நிற்கும் மட்டக் குதிரைகளின் உயரத்துக்குச் சிறிய அளவுதான் சரி. பெரிய ஸ்டாண்டை எவ்வளவு தாழ்த்தினாலும் அந்தக் கால்களுக்கு உயரமாகவே இருக்கும்.

இதன் பெரிய பலம், குதிரை பதறிக் காலை இழுத்தால் கால் சிக்காமல் வெளியே வந்துவிடுவது. தொட்டில் காலைக் கட்டிப் போடுவதில்லை, வெறுமனே ஏந்துகிறது. ஸ்டாண்ட் கவிழ்ந்தாலும் குதிரையைக் குத்த அதில் கூரான விளிம்பு இல்லை. பழைய கார் சக்கரத்தின் ரிம்மில் இரும்புப் பைப்பை வெல்டிங் செய்து சிலர் சொந்தமாக ஸ்டாண்ட் செய்கிறார்கள். செலவு குறைவுதான். ஆனால் அது கவிழும்போது கனமான இரும்பு குதிரையின் காலிலோ நம் காலிலோ விழும். பைப்பின் வாய் திறந்தே இருந்தால் குளம்பின் உள்ளங்காலைக் கிழித்துவிடும். செய்தே தீர வேண்டுமென்றால் பைப்பின் தலையைத் தடித்த ரப்பரால் மூடி, ரிம்மின் விளிம்பைச் சுற்றிலும் பழைய டயரை வெட்டிப் போர்த்துங்கள்.

எந்த ஸ்டாண்ட் வாங்கினாலும் கெட்டுப்போவது உயரத்தில்தான். நம் முதுகு வலிக்காத உயரத்துக்கு வைத்தால் குதிரையின் தோள் வலிக்கும். முன்னங்காலைப் பின்னால் மடித்துத் தொட்டிலில் வைக்கும்போது முழங்காலிலிருந்து கணு வரையிலான எலும்பு தரைக்கு இணையான கோட்டைத் தாண்டி மேலே போகவே கூடாது. அதைவிடத் தாழ்வாக இருந்தால் இன்னும் நல்லது. பின்னங்காலை இடுப்புக்கு நேர் பின்னால், தாழ்வாக நீட்ட வேண்டும். நமக்கு வசதியாக இருக்கிறதே என்று பக்கவாட்டில் இழுத்தால் இடுப்பு மூட்டு திருகும். மூட்டு வாதம் வந்த வயதான குதிரைக்குத் தூணும் வேண்டாம், தொட்டிலும் வேண்டாம். ரப்பர் பாய் மேல் நிறுத்தி, நான்கைந்து அங்குல உயரமுள்ள மரக்கட்டையில் குளம்பின் முனையை மட்டும் ஊன்ற வைத்தால் பாதி வேலையை அப்படியே முடித்துவிடலாம்.

ஸ்டாண்டை வாங்கி வந்த அன்றைக்கே காலுக்கடியில் தள்ளாதீர்கள். முதலில் அது லாயத்தின் ஓரத்தில் கிடக்கட்டும், குதிரை முகர்ந்து பார்க்கட்டும். பிறகு அதன் பக்கத்தில் தரையில் இழுத்து, அந்தச் சத்தத்துக்குப் பழக்குங்கள். ஒரு முறை வேண்டுமென்றே கவிழ்த்தும் காட்டுங்கள். குதிரை மூன்றடி தள்ளி நின்று தலையைத் தாழ்த்திப் பார்க்கும் நிலைக்கு வந்தால் போதும்.

காலைத் தூக்கும் முறையை இங்கேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இது தெரியாதவர் கையில் எந்த ஸ்டாண்டும் பயன்படாது. குதிரையைத் தூணில் குட்டையாகக் கட்ட வேண்டாம். ஒருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நிற்கட்டும், அதுவும் நாம் வேலை செய்யும் அதே பக்கத்தில். ஏதாவது ஆகி அவர் குதிரையின் தலையைத் தன் பக்கம் திருப்பினால் அதன் பின்பகுதி நம்மை விட்டு விலகிப் போகும். எதிர்ப்பக்கம் நின்றால் அந்தப் பின்பகுதி நம் மேலேயே வரும்.

தோளருகில் வால் பக்கம் பார்த்து நில்லுங்கள். கையைத் தோளிலிருந்து எடுக்காமல் முழங்கால் வழியாகக் கணுவரை வருடிக்கொண்டே இறக்குங்கள். கணுவுக்கு மேலே பின்புறமுள்ள தசைநாரை விரலால் லேசாக அழுத்தினால் குதிரை எடையை மறு காலுக்கு மாற்றும். அது மாற்றிய பிறகே தூக்க வேண்டும். எடை மாறாத காலைத் தூக்க முயல்வதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். பழகாத குதிரையிடம் முதல் நாள் இரண்டு மூன்று விநாடி போதும். அது இழுக்கும் முன்பே நாமே காலைக் கீழே வைத்துவிட வேண்டும். வைக்க வேண்டும், போட்டுவிடக் கூடாது. ஐந்து விநாடி, பத்து விநாடி என்று ஏற்றிக்கொண்டே போனால் ஓரிரு வாரத்தில் ஒரு குளம்பைச் சுத்தம் செய்யும் நேரம் கிடைத்துவிடும்.

நடுவில் இழுத்தால்? கையை இறுக்காமல் காலோடு சேர்ந்து போங்கள். அது ஒரு கணம் தளரும். அந்தத் தளர்வில் காலை இறக்கி வையுங்கள். இழுக்கும்போது விட்டால் இழுத்தால் விடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும், தளரும்போது விட்டால் தளர்ந்தால் விடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும். உதைக்கும் அளவுக்குப் பயந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே விட்டு விலகுங்கள். முகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உதடு இறுகுவது, கண்ணுக்கு மேல் முக்கோணமாகச் சுருக்கம் விழுவது, மூச்சு அடங்குவது, வால் சுழற்றுவது இவையெல்லாம் உதைக்கு வெகுநேரம் முன்பே வரும் அறிவிப்புகள். மேலுதட்டைக் கயிற்றில் முறுக்கிப் பிடிப்பதும், காலைக் கயிறு போட்டு மேலே கட்டுவதும் இன்றும் பல லாயங்களில் வழக்கம். வழக்கமான குளம்பு வேலைக்கு இவை இரண்டும் தேவையே இல்லை. இப்படிச் செய்த குதிரை அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகப் பயப்படும், நமக்கு இன்னும் குறைந்த நேரமே கிடைக்கும்.

இனி அரம். அமெரிக்காவின் ஹெல்லர், சேவ் எட்ஜ், ஸ்பெயினின் பெய்யோட்டா ஆகியவை லாடக்காரர்கள் நம்பிப் பயன்படுத்துபவை. வழக்கமான நீளம் 14 அங்குலம். ஒரு பக்கம் தடித்த பற்கள், மறு பக்கம் நுண்ணிய வரிகள். இந்த மூன்றில் எதை வாங்கினாலும் தவறில்லை. தவறு நடப்பது ஹார்டுவேர் கடையில் மர அரம் வாங்குவதில். அது குட்டை, ஒரு பக்கம் உருண்டை, பற்களில் குளம்புத் தூள் அடைத்துக்கொள்ளும். நல்ல அரம் பத்துத் தள்ளில் முடிக்கும் வேலைக்கு மர அரம் முப்பது, நாற்பது தள்ளு கேட்கும். அத்தனை நேரமும் கால் மேலே நிற்க வேண்டும்.

நல்ல அரத்தை அதன் தூளை வைத்தே கண்டுகொள்ளலாம். கூரான பற்கள் குளம்பைத் தேங்காய்த் துருவல்போல நீளமான இழைகளாகச் சீவும். மழுங்கியது மாவாக உதிர்க்கும். மாவாக வரத் தொடங்கினால் நாம் நம்மையறியாமல் அழுத்தம் கூட்டுவோம், அந்த அழுத்தம் நேரே குதிரையின் மூட்டுக்குப் போகும். அப்போது அதைத் தூக்கி எறிய வேண்டாம். பாதி மழுங்கிய அரம் கடைசி மெருகுக்கு உகந்தது, புதியவர் கைக்கும் பாதுகாப்பானது. புது அரத்தோடு ஆரம்பிப்பவருக்கு ஓர் எச்சரிக்கை: அது நினைப்பதைவிட இரண்டு மடங்கு வேகமாக எடுக்கும். நாலு தள்ளு, பார்வை, மறுபடி நாலு தள்ளு என்று போங்கள்.

அரம் வெட்டுவது முன்னால் தள்ளும்போதுதான். பின்னால் இழுக்கும்போது அழுத்தினால் பற்கள்தான் தேயும். முழு நீளத்தையும் பயன்படுத்த வேண்டும். நடுப்பகுதியில் மட்டும் குட்டையாகத் தேய்த்தால் குளம்பில் மேடு பள்ளம் விழும். குளம்பில் மணல் ஒட்டியிருந்தால் ஒரே நாளில் கூர் போய்விடும், அதனால் முதலில் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். வேலை முடிந்ததும் கம்பி பிரஷால் தூளைத் தட்டி, துணியில் லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்து, தனி உறையில் வையுங்கள். மற்றக் கருவிகளோடு ஒரே பெட்டியில் போட்டால் இரும்போடு இரும்பு உரசிப் பல் உடையும்.

சித்திரை, வைகாசி வெயிலில் குளம்பு கல்லாகிவிடும். அந்தக் குளம்பில் எந்த அரமும் வழுக்கும். வேலைக்கு முன் 15, 20 நிமிடம் ஈரச் சாக்கின் மேலோ சேறு கட்டிய இடத்திலோ குதிரையை நிறுத்துங்கள். மேல் படலம் இளகினால் நேரம் பாதியாகும்.

எவ்வளவு எடுப்பது? குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மி.மீ. வளரும். முடி முடியும் விளிம்பில் பிறக்கும் புதுக் குளம்பு கீழே முனைக்கு வந்து சேர 9 முதல் 12 மாதம் ஆகும். அதனால் நான்கைந்து வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சமாக எடுப்பதுதான் சரி. மூன்று மாதம் விட்டுவிட்டு மொத்தமாக எடுத்தால் மூட்டுகளின் கோணம் ஒரே நாளில் மாறிவிடும், குதிரை நொண்டும்.

காலைத் திருப்பிப் பார்த்தால் சுற்றிலும் தடித்த சுவர், அதற்குள் மஞ்சள் கலந்த மெல்லிய வெள்ளைக் கோடு, அதற்குள் உள்ளங்கால், பின்பாதியில் முக்கோணமாக ஃப்ராக் எனும் ரப்பர் மாதிரியான மெத்தை தெரியும். உள்ளங்காலில் சுண்ணாம்புபோல் உதிர்வது செத்த பகுதி. அது போனதும் மெழுகு பூசியதுபோல் மினுங்கும் பகுதி வரும். அங்கேயே நிறுத்த வேண்டும், உயிருள்ள உள்ளங்காலில் கத்தி படவே கூடாது. அதற்குள் இருக்கும் எலும்பைக் காப்பது அதன் தடிமன்தான். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்குகிறது என்றால் ஏற்கெனவே மெலிந்துவிட்டது, ஒரு துளியும் எடுக்கக் கூடாது. சுவரை உள்ளங்கால் மட்டத்துக்கு மேல் 1 முதல் 2 மி.மீ. விட்டுச் சமப்படுத்துங்கள். குதிப் பக்கத்தை ஃப்ராக்கின் மிக அகன்ற இடத்தை நோக்கிப் பல தடவையாகத் தாழ்த்திக் கொண்டுவர வேண்டும். ஃப்ராக் நலிந்து புண்ணாகியிருந்தால் குதியைத் தாழ்த்தாதீர்கள். வலிக்குப் பயந்து குதிரை முனையை முதலில் ஊன்றி நடக்கத் தொடங்கும், ஃப்ராக் மேலும் நலியும்.

கடைசி வேலை விளிம்பை உருட்டுவது. இதற்குத்தான் ரப்பர் தலைத் தூண். காலை முன்னால் நீட்டி அதன்மேல் வைத்து, மேலிருந்து அரத்தைச் சாய்த்து, சுவர்த் தடிமனின் வெளிப்பாதியை 45 பாகைச் சரிவாக எடுத்து, நுண்ணிய பக்கத்தால் வட்டமாக்க வேண்டும். கூரான விளிம்பு கல்லில் பட்டுச் சிதறுவதையும், வெள்ளைக் கோடு பிளந்து மண் புகுவதையும் தடுப்பது இந்த உருட்டல்தான். அழகுக்காகக் குளம்பின் முகம் முழுவதையும் அரத்தால் வழிக்கும் பழக்கம் வேண்டாம். கீழ்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரம் ஏறினால் சுவர் மெலிந்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் திறனை இழக்கும்.

கத்தியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்வீடனின் மோரா கத்திகள் விலைக்கு மிஞ்சிய தரம். வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனியாக வரும், மாற்றி வாங்கிவிடாதீர்கள். வாங்கும்போதே இருக்கும் சரிவுப் பக்கத்தை மட்டும் தீட்டுங்கள், மறு பக்கத்தில் பிசிரை எடுத்தால் போதும். நுனிக் கொக்கிக்கு மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தைத் தீட்டும் மெல்லிய உருண்டை அரம் பொருந்தும். தீட்டாத கத்தியால் ஃப்ராக்கை இழுத்துக் கிழிப்பவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. ஃப்ராக்கில் தொங்கும் சிதிலங்களையும், அழுக்கு தங்கும் மடிப்புகளையும் மட்டும் எடுங்கள். வழுவழுப்பாகச் செதுக்கினால் பார்க்க அழகாக இருக்கும், குதிரைக்கு அடுத்த பத்து நாள் கூழாங்கல் எல்லாம் முள்ளாகும்.

குளம்பு வெட்டும் குறடு வாங்க வேண்டாம். நான்கைந்து வாரத்துக்கு ஒரு முறை அரம் போட்டால் குறட்டுக்கு வேலையே இருக்காது. பழகாத கையில் அது ஒரே கடியில் உள்ளங்காலையும் சேர்த்து எடுத்துவிடும். மாதக்கணக்கில் வளரவிட்ட குளம்பு என்றால் தொழில் தெரிந்தவரைக் கூப்பிட்டு முதல் வெட்டை அவர் கையால் முடித்துக்கொள்வதே மேல்.

அடுத்தது பூட், அதாவது லாடத்துக்குப் பதிலாகக் குளம்பில் மாட்டும் காலணி. லாடத்தைக் கழற்றிய குதிரைக்கு முதல் சில மாதம் கல் நிறைந்த பாதையில் கால் கூசும். அந்தக் காலத்தைக் கடக்கவும், பிறகு நீண்ட சவாரிகளுக்கும் பூட் வேண்டும். இந்தத் துறையின் மூத்த பெயர் அமெரிக்காவின் ஈஸிபூட், 1970களின் தொடக்கத்திலிருந்தே சந்தையில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரே நாளில் 100 மைல், அதாவது 160 கி.மீ. ஓடும் டெவிஸ் கப் போட்டியை 2012-ல் காரெட் ஃபோர்டு வென்றபோது அவர் குதிரையின் காலில் இருந்தவை ஒட்டுப் பசையால் ஒட்டும் ஈஸிபூட்கள். அவர் அந்த நிறுவனத்தையே நடத்தியவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த மலைப்பாதையை இரும்பில்லாமல் கடக்க முடியும் என்பது நிரூபணமானது.

அன்றாடத்துக்கு ஒட்டும் பூட் தேவையில்லை. நாங்கள் ஒப்பிடுவது மூன்று: ஈஸிபூட் க்ளவ், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த ஸ்கூட் பூட், கனடாவின் கவால்லோ ட்ரெக்.

க்ளவ் பெயருக்கு ஏற்றபடி கையுறைபோல் இறுக்கமாகப் பொருந்துவது. பூட்டை இறுக்கிப் பிடிக்கக் கம்பியோ கொக்கியோ இல்லை, ஓடு விரிந்து குளம்பைக் கவ்வுகிறது, கணுவைச் சுற்றி ஒரு பட்டை மட்டும். முன்புறம் வி வடிவில் ஒரு வெட்டு இருக்கும். போட்டபின் அது சில மி.மீ. விரிந்து நின்றால் அளவு சரி, விரியவில்லை என்றால் பெரிது, வழியில் கழன்று விழும். அரை அளவு வித்தியாசத்தில்கூடக் கிடைக்கிறது. சரியாக அமைந்துவிட்டால் இவ்வளவு லேசான, காலோடு காலாக இருக்கும் பூட் வேறில்லை. ஆனால் குளம்பு வளர வளர இது ஏறாது. ஐந்து வாரத்தைத் தாண்டி அரம் போடாமல் இருப்பவர்களுக்கு இது உதவாது. போடும்போது ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டியிருக்கும் என்பதால், தட்டும் சத்தத்துக்கும் அதிர்வுக்கும் குதிரையை முன்பே பழக்குங்கள்.

ஸ்கூட் பூட்டில் வெல்க்ரோவும் இல்லை, தையலும் இல்லை. வளையும் பிளாஸ்டிக் ஓடு, துளையில் மாட்டும் பட்டைகள், தண்ணீரும் சேறும் வெளியேற நிறைய திறப்புகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சவாரி போகிறவர்களுக்கு மூன்றில் இதைத்தான் சொல்வோம். கழுவி உதறினால் காய்ந்துவிடும். குறை என்று பார்த்தால், சுவர் வெளியே விரிந்து போன குளம்புக்கு இது ஒத்துவராது, முதலில் குளம்பை ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். பட்டைகள் புதிதில் விறைப்பாக இருக்கும், மாட்டுவதற்கு விரல் பலம் வேண்டும், அந்த நேரமெல்லாம் கால் மேலேதான்.

கவால்லோ ட்ரெக் போடுவது மிகச் சுலபம். முன்னால் திறந்து, காலை உள்ளே வைத்து, வெல்க்ரோவை ஒட்டினால் முடிந்தது. அதிலும் காலைத் தரையில் ஊன்றிய பிறகே பட்டையை ஒட்டலாம் என்பதால் எங்கள் கேள்விக்கு மூன்றில் மிக நல்ல பதில் இதனிடம்தான் இருக்கிறது. குதிரைக்கு முதல் பூட் என்றால் இதையே பரிந்துரைப்போம். வட்டமான குளம்புக்கு ரெகுலர், நீள்வட்டக் குளம்புக்கு ஸ்லிம் என இரண்டு வடிவம் உண்டு. இதை யோசிக்காமல் வாங்குபவர்களுக்குத்தான் பூட் காலில் சுழலும். மற்ற இரண்டையும்விடப் பருமன் கூடியது, வேகமான ஓட்டத்துக்கு ஏற்றதல்ல. வெல்க்ரோவில் மணலும் ஒட்டுப்புல் விதையும் நெருஞ்சி முள்ளும் சேர்ந்தால் பிடிப்பு போகும். வாரம் ஒரு முறை பழைய சீப்பால் வாரி எடுங்கள்.

மூன்றுக்குமே அளவு எடுக்கும் முறை ஒன்றுதான், கெடுவதும் அங்கேதான். அரம் போட்ட அன்றோ மறுநாளோ அளக்க வேண்டும். அகலம், உள்ளங்காலின் மிக விரிந்த இடத்தில். நீளம், முனையிலிருந்து குதியின் சுவர் தரையைத் தொடும் கடைசிப் புள்ளி வரை. அதற்குப் பின்னால் பிதுங்கும் மென்மையான குதிமேட்டையும் சேர்த்து அளந்துவிடுவது எல்லோரும் செய்யும் பிழை, வந்து சேர்வது ஓர் அளவு பெரிய பூட். நான்கு காலையும் தனித்தனியே அளந்து மி.மீ.-இல் எழுதுங்கள். முன் குளம்பு வட்டம், பின் குளம்பு கூர்மை, இரண்டுக்கும் ஒரே அளவு அமைவது அபூர்வம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பொருளைத் திருப்பி அனுப்புவது வாங்குவதைவிடச் செலவாகலாம். அதனால் அளவோடு குளம்பின் கீழ்ப்புறம், பக்கவாட்டுப் படங்களையும் விற்பனையாளருக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முதல் நாள் கையில் பிடித்து 15, 20 நிமிடம் நடத்திக் கழற்றிப் பாருங்கள். குதிமேட்டில் முடி கலைந்திருந்தாலோ தோல் சூடாக இருந்தாலோ அந்த இடத்தில் உரசுகிறது என்று பொருள். நடக்கும்போது பூட் ஒரு பக்கமாகத் திரும்பினால் பட்டையை இறுக்கி அதைச் சரிசெய்ய நினைக்காதீர்கள், அளவோ வடிவமோ தவறு. உள்ளங்கால் மெலிந்த குதிரைக்கு 12 மி.மீ. ஃபோம் அட்டையை உள்ளே வெட்டிப் போடலாம், அது நசுங்கித் தட்டையானதும் மாற்ற வேண்டும். சவாரி முடிந்ததும் பூட்டைக் கழற்றிவிடுங்கள். இரவெல்லாம் ஈரத்தோடு மூடி வைத்தால் ஃப்ராக் அழுகும்.

ஃப்ராக் அழுகினால் குளம்பைச் சுரண்டும்போது கறுத்த பிசினும், மறக்க முடியாத துர்நாற்றமும் வரும். கடையில் விற்கும் பளபளப்பு எண்ணெய்கள் எதுவும் இதற்குப் பயன்படாது. தினமும் சுத்தம் செய்து, உலர்த்தி, நடுப்பிளவில் மருந்து நனைத்த பஞ்சைத் திணித்தால் பெரும்பாலும் ஆறும். மயில்துத்தத்தைத் தனியாகத் தூவாதீர்கள், உயிருள்ள சதையை அரிக்கும். துத்தநாகக் களிம்பில் சிறிதளவு கலந்து தடவுவதே போதும். குளம்பு சூடாகி, கணுவின் பின்புறம் நாடி படபடவென்று துடித்து, குதிரை முன்னங்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால் அது லாமினைடிஸ், குளம்புக்குள் வரும் அழற்சி. அரம், பூட் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழையுங்கள். தீனியில் தானியத்தையும் வெல்லத்தையும் அந்த நிமிடமே நிறுத்துங்கள். கஞ்சியோடு வெல்லம் பிசைந்து கொடுக்கும் பாசத்தால் கால் இழந்த குதிரைகள் உண்டு.

இவ்வளவு இறக்குமதிப் பொருள்களுக்கு நடுவே உள்ளூரில் கிடைக்கும் ஒன்றையும் மதிப்பிட்டாக வேண்டும், கூழாங்கல். கிரேக்க எழுத்தாளர் செனஃபோன், கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே, குதிரை நிற்கும் முற்றத்தில் நாலைந்து வண்டி உருண்டைக் கல்லைக் கொட்டச் சொன்னவர். அவர் சொன்னது கைக்குள் அடங்கும் கல். இன்று வெறுங்குளம்புக்காரர்கள் விரும்புவது அதைவிடப் பொடியான, 8 முதல் 10 மி.மீ. வரையிலான உருண்டைக் கல். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, குதிரை நாலு காலும் வைத்து நிற்கும் அகலத்துக்கு நாலு அங்குல ஆழத்தில் கொட்டுங்கள். தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் கற்கள் உள்ளங்காலின் வளைவில் நிறைந்து, உருண்டு, ஃப்ராக்கைப் பிசைந்து கொடுக்கும். யாரும் காலைத் தூக்கவே வேண்டாம்.

உடைத்த நீல ஜல்லியை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதன் முனைகள் உள்ளங்காலைக் கன்றச் செய்து சீழ் கட்ட வைக்கும். ஓரத்தில் கட்டையோ செங்கல்லோ பதித்து அடைக்கவில்லை என்றால் ஒரே மழையில் பாதிக் கல் முற்றமெல்லாம் பரவிவிடும். அடியில் நீர் வடியும் மண் இல்லையென்றால் முதலில் கனமான விரிப்புத் துணி போட்டு அதன்மேல் கொட்டுங்கள். சாணத்தை அன்றன்றைக்கே அள்ளி, மாதம் ஒரு முறை வாருகோலால் கிளறிவிட்டால் போதும்.